பொன்னம்மாவின் கட்டைவிரல்

பொன்னம்மா என்று ஒருத்தி அந்தமான் டாலிகஞ்சில் கிடையாது. சண்முகம்தான் அவளை நேற்றுச் சாயங்காலம் பேனாவால் உண்டாக்கியிருந்தார்.

வேறு வழியில்லை. மனுவில் முப்பத்தெட்டுப் பெண்களின் கைரேகை. முதல் ரேகை மட்டும் பெயரில்லாமல் மொட்டையாக நின்றது. யாருடையது என்று கேட்டால், சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பதாக, ரேகைகளை வாங்கிவந்த மனைவி செல்லம் சாதித்துவிட்டாள். பெயரில்லாத ரேகையை எந்த ஆபீசும் தொடாது என்பது குமாஸ்தாவான அவருக்குத் தெரியும்.

டாலிகஞ்ச் மருந்தகத்துக்கு மாதம் ஒருமுறையாவது கருத்தடை லூப் வைக்கத் தெரிந்த டாக்டரம்மா வர வேண்டும் என்பதுதான் மனு. செல்லத்துக்கு நாலாவது பிரசவத்தில் உயிர் போய் வந்தது. இன்னொன்று தாங்காது என்று நர்ஸ் சொன்ன நாளிலிருந்து, சண்முகம் கூரை ஒழுகும் முன்னறையில் பாய் விரித்துப் படுக்கிறார்.

எழுதத் தெரிந்தவர்களும்கூட, பெயரை வேறு யாரோ எழுதியது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம், கையெழுத்தை மறுக்க முடியாது என்று ரேகைதான் வைத்தார்கள். அதற்கு சண்முகம் ஆபீஸ் மைப்பெட்டியைத் தூக்கிவந்தது இன்னொரு தப்பு. அது அந்தமான் மழைக்கே அசையாத ஊதா மை. இரண்டு நாளாகக் குழாயடியில் புருஷன்மார், பெண்களின் கட்டைவிரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு செலின் விரலில் துணி சுற்றிக்கொண்டு, மீன் அறுக்கும்போது வெட்டிக்கொண்டதாகச் சொன்னாள். அன்று அவள் வீட்டில் வெறும் பருப்புக் குழம்பு.

தீவுக்குச் சட்டசபை கிடையாது. டெல்லியில் போய்ப் பேசும் ஆலோசனைக் குழு உறுப்பினர், கான்ட்ராக்டர் ராஜமாணிக்கம். நாளைக் கப்பலில் கிளம்புகிறார். டெலானிபூர் மேட்டில் அவர் வீட்டுக்கு ஏறும்போது சண்முகத்துக்கு மூச்சு வாங்கியது. மேடு மட்டும் காரணமில்லை.

வராந்தாவில் ஆறு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏழாவது தொட்டிலில். உள்ளேயிருந்து ஒரு கை நீட்டிய டீ டம்ளரை ராஜமாணிக்கம் நிமிர்ந்து பார்க்காமலே வாங்கி, மனுவைப் படித்து முடித்தார்.

"அரே பாபு, ஆள் பத்தலைன்னு சர்க்கார் கப்பல் கப்பலா ஜனங்களைக் கொண்டாந்து இறக்குது. நீ பொறக்கிறதையே நிறுத்தச் சொல்றியா?"

"நிறுத்தச் சொல்லலீங்க. நடுவுல கொஞ்சம் மூச்சு விடத்தான்."

அவர் பட்டியலுக்குத் தாவினார். "யார் இந்தப் பொன்னம்மா? டாலிகஞ்சுல எனக்குத் தெரியாத வீடு இல்லையே."

"புதுசா வந்தவங்க."

"எந்தக் கப்பல்ல?"

"போன வாரக் கப்பல்ல."

"போன வாரம் புயல். கப்பலே வரலை."

"மெயின்லேண்ட் இல்லீங்க, வடக்கே திக்லிபூர்லேருந்து. மோட்டார் போட்ல."

"புயல்லயா?"

பொன்னம்மா நடுக்கடலில் நின்றாள்.

"சர்க்கார் குமாஸ்தா, பொய்க் கைரேகை." ராஜமாணிக்கம் குரலை உயர்த்தவில்லை. "பொன்னம்மாவை இப்பவே கொண்டாந்து காட்டு. இல்லேன்னா உன் மேலதிகாரி எஞ்சினியரைப் பார்த்துட்டுத்தான் நான் கப்பல் ஏறுவேன்." சொல்லிக்கொண்டே மனுவைக் கிழிக்க இரண்டு கையாலும் பிடித்தார்.

சண்முகத்துக்கு வேலை ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு, வெளுத்துப்போய்க் கட்டிலில் கிடந்த செல்லத்தின் முகம் வந்தது.

"என் வேலை போனாப் போகட்டுங்க. கிழிச்சிடாதீங்க. அந்த ஒண்ணை மட்டும் அடிச்சிடுங்க, மத்த முப்பத்தேழும் நிஜம்."

காலி டம்ளரை எடுக்க வந்த உறுப்பினரின் மனைவி, டம்ளரை விட்டுவிட்டு மனுவைப் பிடித்தாள். பிடித்த கட்டைவிரல் ஊதாவாக இருந்தது.

"அந்த ஒண்ணும் நிஜந்தான் தம்பி. பேரை மட்டும் ஜெயலட்சுமின்னு திருத்திக்குங்க."