நிற்பதாக வைத்துக்கொண்ட வண்டி

பொகோட்டாவில் கணக்கு வாத்தியாராக இருக்கும் என் தங்கை மகன் வில்பேர்த்தோவுக்கு, மாமா நிக்கானோர் சொல்லி எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே நீயும் உன் பெண்சாதியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். கையெழுத்து கடைக்கார மிசாயேலாவுடையது, கோபம் என்னுடையது.

பட்டணம் போனதும் உனக்கு எல்லாம் மறந்திருக்கும். நம் பக்கம் ரோடு கிடையாது, ஒற்றைத் தண்டவாளம்தான். சக்கரம் வைத்த பலகையோடு மோட்டார் சைக்கிளைக் கட்டி அதில் ஓட்டுகிறோம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால், பாரம் குறைந்த வண்டிக்காரர்கள் இறங்கி, வண்டியைத் தூக்கிச் சேற்றில் வைத்து வழிவிட வேண்டும். என் கல்யாணத்துக்கு, என் வண்டியில் மணப்பெண் எவுலாலியா ஆசைப்பட்டுக் கேட்ட இரட்டைக் கட்டில். எதிரே வண்டிக்காரன் டெல்ஃபினோவின் வண்டியில், வெள்ளைக் கவுனில் எவுலாலியாவும் கூடவே பாதிரியாரும். செருப்பில் சேறு பட்டால் கல்யாணமே வேண்டாமென்று திரும்பிவிடுவேன் என்று முன்பே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள், ஆற்றுப் பாலம் இடிந்த வருஷம், நடனத்துக்கு நான் பிந்தியதற்கு, மஞ்சள் பாவாடையோடு பாதியில் திரும்பிப் போனவள். ஆகவே சிமெண்டு மேடை இருக்கும் நடுவழிக் கோவிலில் இரண்டு வண்டியும் சேர்ந்தாற்போல வந்து சேர, யார் எப்போது கிளம்பவேண்டும் என்று உன்னைக் கேட்டேன். நேரத்தை மட்டும் எழுதித் தொலைத்திருக்கலாம். விளக்கம் எழுதினாய்.

"மாமா, நீங்க நிக்கறதா வெச்சுக்கங்க. டெல்ஃபினோ ரெண்டு வண்டி வேகத்தையும் சேத்துக்கிட்டு உங்களப் பாத்து வர்றான்."

மிசாயேலா இதைக் கடையில் உரக்க வாசித்தபோது டெல்ஃபினோவும் பக்கத்தில் நின்று கேட்டான். கல்யாணத்தன்று கிளம்பினேன், மழையும் கிளம்பியது. பனைமர வளைவில் உன் பேச்சு ஞாபகம் வந்தது. நிற்பவன் எதற்குப் பெட்ரோலை எரிக்க வேண்டும்? என் வேகத்தையும்தான் அவனுக்குக் கொடுத்தாயிற்றே, நானும் ஓடினால் முட்டிக்கொள்ள மாட்டோமா? பிரேக்கைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் டெல்ஃபினோவும் அதையே செய்திருக்கிறான். அவன் கணக்கில் நிற்பவன் அவனாம். பாதிரியார் ஜெபமாலையை முடித்துவிட்டு மறுபடி தொடங்கினாராம். கடைசியில் வளைவு திரும்பி வந்தது வண்டி இல்லை, எவுலாலியா. நடந்து வந்தாள், முழங்கால் வரை சேறு. நான் கணக்கை எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"நிக்கறதா வெச்சுக்க என்ன இருக்கு, நிக்கானோர்? இத்தன வருஷமா நீ நின்னுக்கிட்டுதான் இருக்க. வர்றது நாந்தான்."

திரும்பி நடந்தாள். டெல்ஃபினோ அவளையும் பாதிரியாரையும் ஏற்றிக்கொண்டு, வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்துப் போய்விட்டான்.

ஆகவே, இனி எனக்கு நீ ஒரு கணக்கும் அனுப்பாதே. கட்டிலை விற்கப்போகிறேன். கல்யாணம் என்ற பேச்சை எவனும் என்னிடம் எடுக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு நீ இந்தப் பக்கம் வராதே. உன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
நிக்கானோர்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டெல்ஃபினோ வந்து நிற்கிறான். மழையில் போக முடியாமல் பாதிரியார் எவுலாலியா வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். "இந்தத் தடவ நான் நிக்கறேன், அவன் வரட்டும்" என்று அவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மேலே உள்ளதை எல்லாம் அடிக்கச் சொன்னேன், மிசாயேலா கை வலிக்கிறது என்கிறாள், நீயே அடித்துக்கொள். ஒரு வண்டி மட்டும் ஓடும் கணக்கு எனக்கே வரும். கட்டிலை நான் இன்னும் இறக்கவே இல்லை. வழியில் எவன் எதிரே வந்தாலும் அவனே இறங்கட்டும், என் பாரம் அதிகம்.