பத்தடி தள்ளி நின்று வாங்கிய ஸ்பீக்கர்

என் காதைப் பற்றி நான் பேசாத பெருமை இல்லை. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பது என் வேலை. திரியைப் பற்றவைத்துவிட்டுப் பத்தடி தள்ளி ஓடி நிற்க வேண்டும். நெஞ்சில் அதிர்ந்தால் சரக்கு பாஸ். இந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டுதான் மாமனாருக்கு ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பினேன். (தலையெழுத்து, அவருடையது.)

தாயில்பட்டியில் இருக்கும் அவருக்குக் காது மந்தம். டிவியில் பட்டிமன்றம் என்றால் உயிர். "எல்லாரும் சிரிக்காக மாப்ள, எதுக்குன்னுதான் வெளங்க மாட்டேங்குது" என்று ஒருநாள் அவர் சொன்னபோது எனக்கே பாவமாக இருந்தது. "எங்கிட்ட விடுங்க மாமா" என்றேன்.

அவரையும் கூட்டிக்கொண்டு விருதுநகர் ஷோரூமுக்குப் போனேன். அங்கே விற்பனைக்கு நின்ற பெண் பொறுமைசாலி. முதலில் சின்னதாக ஒரு ஸ்பீக்கரை வைத்து, செய்தி வாசிப்பதை மெதுவாக ஓடவிட்டார். மாமனார் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும், இது ஓலைவெடிக்குக்கூடத் தேறாது என்று ஒதுக்கினேன்.

அடுத்து ஆளுயரப் பெட்டி. அந்தப் பெண் பட்டனை அமுக்கியதுதான் தாமதம், பழக்க தோஷம், காதைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினேன். பட்டாசுத் தொழில் நடக்கும் எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவன் அப்படி ஓடினால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த குடும்பமும் வாட்ச்மேனும் என்னோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதாவது அடங்கியிருக்கலாம். திரும்பிப் போய், இன்னும் கூட்டச் சொன்னேன். ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. பாஸ்.

"அந்தச் சின்னதுல பேச்சு தெளிவா இருந்துச்சு மாப்ள" என்றார் மாமனார்.

"நீங்க சும்மா இருங்க மாமா. சத்தத்தப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அந்தப் பெண்ணின் முன்னால் சொன்னேன். கையோடு பெரிய பெட்டிக்கே பில்லும் போடச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றத்துக்கு வீடே கூடியது. பேச்சாளர் கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல் ஒரே உறுமல். அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர் விழுந்தன. டிவியில் கூட்டம் சிரித்தது, மாமனாரும் சிரித்தார். அடுத்த சிரிப்புக்கும் சரியாகச் சிரித்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

என் மனைவி அவர் காதருகே குனிந்து, "என்னப்பா சொன்னாக?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "சிரிப்பு நல்லா கேக்குதும்மா. பேச்சுதான் இன்னும் வரல."

என் முகம் வாடக் கூடாது என்றுதான் மனிதர் அதுவரை சிரித்திருக்கிறார். நான் கொல்லைப்புறம் போய், வேலையே இல்லாமல் வெகுநேரம் நின்றேன்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அந்தப் பெண் சின்ன ஸ்பீக்கரை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். இப்போது மாமனார் டிவிக் கூட்டத்துக்கு முன்னாலேயே சிரித்துவிடுகிறார்.

ஆனால் வீட்டில் எந்த விஷயத்துக்காவது நான் "எங்கிட்ட விடுங்க" என்றால் போதும். அவர் மறு பேச்சுப் பேசாமல் எழுந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பத்தடி தள்ளிப் போய் நிற்கிறார்.