மூன்று தும்மலும் ஒரு சதியும்

ஷீவான்
1986 மார்ச் 16, ஞாயிறு

அன்புத் தங்கை ஃபுங்-யீக்கு அண்ணன் யூ-டிங் எழுதுவது. நீயும் மச்சானும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நம்பாமல் இருப்பதற்கு இதுவரை ஆதாரம் எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை. நான் சௌக்கியமா என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இந்த வீட்டில் என் சௌக்கியம் இப்போது என் பொறுப்பில் இல்லை. படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. மச்சானிடம் காட்டாதே. அவர் நல்லவர்தான், ஆனால் அவர் வாயில் ஒரு விஷயம் ஒரு வேளைச் சோறு செரிக்கும் நேரம்கூடத் தங்காது.

போன திங்கட்கிழமை காலை ஆரம்பித்தது. தெற்குக் காற்று திரும்பும் மாதம், சுவரெல்லாம் வியர்த்து வழிகிறது, தரையில் கால் வைத்தால் வழுக்குகிறது. நான் பனியனோடு ஜன்னலருகே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவன் மூன்று முறை தும்மினேன். மூன்றே மூன்று. பானைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் சோதனைப் பலகையின் முன் உட்கார்ந்து, கிண்ணம் கிண்ணமாகத் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டவன் நான். அந்தத் தூசியில் ஒரு நாளைக்கு முப்பது தும்மல் தும்மியிருக்கிறேன், பக்கத்துப் பலகைக்காரன்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்த என் மகள் சூட்-லின் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினாள். பத்தே நிமிடத்தில் வெங்காயத்தாளோடு வந்தாள். வழக்கமாக ஒரு கட்டுக் கீரை வாங்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிற பெண். இஞ்சியை நசுக்கி, வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டை வேரோடு போட்டு, நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, மூக்குக்கு நேராக நீட்டிவிட்டாள். எனக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று தும்மலுக்கு எதற்கு இவ்வளவு அவசரம்? அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

குடித்து முடிப்பதற்குள் எதிர்வீட்டு யிம் அண்ணி வந்துவிட்டாள். உனக்குத் தெரியும், தெருக்கோடி மருந்துக்கடையில் இருபது வருடமாக மூலிகை நிறுத்துக் கொடுப்பவள், புருஷன் இல்லை, பேச்சு குறைவு. பேச்சு குறைந்தவர்களை நான் எப்போதும் இரண்டு தடவை பார்ப்பேன். நாக்கை நீட்டச் சொன்னாள். வெள்ளையாக மெல்லிசாகப் படிந்திருக்கிறது, குளிர்காற்று என்றாள். காற்றை எந்தக் கண்ணால் பார்த்தாய் என்று கேட்டேன். என் பிடரியில் கட்டை விரலை வைத்து அமுக்கினாள். நான் கத்தினேன். அங்கேதான் நுழைந்திருக்கிறது என்றாள். ஃபுங்-யீ, அப்படி அமுக்கினால் கல் சிங்கம்கூடக் கத்தும். பிறகு என்னை விட்டுவிட்டு என் மகளைப் பார்த்துச் சொன்னாள்: “காத்து இப்பத்தான் வாசப்படில கால் வெச்சிருக்கு. உள்ள கூட்டி உக்கார வெச்சா அப்புறம் கிளம்பாது. இன்னிக்கே வெளிய அனுப்பிடணும்.” என்னவோ நான் வீட்டுக்காரன் இல்லை, வந்திருக்கிற காற்றோடு சேர்ந்தவன் என்கிற மாதிரி ஒரு தொனி.

யிம் அண்ணி கொண்டுவந்திருந்த மருந்துப் பொட்டலத்தை மேஜைமேல் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னேன். இலவங்கப்பட்டை மரத்துக் குச்சி, ஏதோ ஒரு வெள்ளைக் கிழங்குச் சீவல், அதிமதுரம், சிவப்பு இலந்தைப்பழம், இஞ்சி. மண்சட்டியில் காய்ச்சினார்கள். குடித்தால் கசக்கவில்லை. கசக்காத மருந்தை நான் நம்பியதே இல்லை. அதன்மேல் ஒரு கிண்ணம் சூடான அரிசிக்கஞ்சி, அதன்மேல் மார்கழிக் குளிருக்குப் போர்த்துகிற பஞ்சுப் போர்வை. உடம்பு பனித்துளி மாதிரி பொடிப்பொடியாக வியர்க்க வேண்டுமாம், கொட்டக் கூடாதாம், கொட்டினால் தெம்பு போய்விடும், நோய் மட்டும் தங்கிவிடும் என்றாள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என் நெற்றியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், தொழிற்சாலையில் நான் பானையின் பளபளப்புப் பூச்சைத் தொட்டுப் பார்ப்பதுபோலவே. சுவரே வியர்க்கிற மாதத்தில், எனக்கு வியர்த்தது மருந்தால்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டேன். நோயாளிக்குப் பேசும் பலம் நன்றாக இருக்கிறது என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மூக்கில் வேர்த்தாற்போல வந்து சேர்ந்தான் என் பழைய கூட்டாளி சூய். முப்பது வருடம் சூளையில் விறகு தள்ளியவன். உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் காரணம் நெருப்புதான் என்பது அவன் கட்சி. ஃப்ளாஸ்க் நிறைய கசப்புக் கஷாயம், உடம்பைக் குளிர்விக்கிற வகை, கொண்டுவந்திருந்தான். “உனக்கு உள்ள நெருப்புடா, யூ-டிங். அவ வேற குச்சியப் போட்டு எரிக்கறா,” என்றான். ஒருத்தி குளிர் என்கிறாள், ஒருத்தன் நெருப்பு என்கிறான். தொழிற்சாலையில் ஒரே பானைக்கு இரண்டு பேர் இரண்டு தீர்ப்புச் சொன்னால் பானையை உடைத்துவிடுவோம். என்னை நானே உடைத்துக்கொள்ள முடியாதே. ஆகவே இருவரையும் சமமாகச் சந்தேகப்பட்டு, இருவர் மருந்தையும் சமமாகக் குடித்தேன். மாலைக்குள் நடுக்கம் கண்டுவிட்டது, வயிறும் போய்விட்டது. யிம் அண்ணி ஃப்ளாஸ்க்கை முகர்ந்து பார்த்தாள். நடுங்குகிறவன் தலையில் கிணற்றுத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறாய் என்று சூயிடம் சொன்னாள். அவன் விடவில்லை. படிக்கட்டில் நின்று இருவரும் என் நாக்கைப் பற்றிக் கால்மணி நேரம் வாதாடினார்கள், நான் நடுவில் நாக்கை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்று இருவருமே சொல்லவில்லை.

புதன்கிழமை யிம் அண்ணியும் சூட்-லினும் என் முதுகைச் சுரண்டினார்கள். எண்ணெய் தடவி, பீங்கான் கரண்டியின் விளிம்பால் கழுத்திலிருந்து கீழ்நோக்கி இழுக்கிற வைத்தியம். கரண்டியை வாங்கி நகத்தால் தட்டினேன். செத்த சத்தம். காம்போரம் மயிரிழை விரிசல். திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவதுதான் மணிபோல ஒலித்தது. அதற்குள் எண்ணெய் ஆறிவிட்டது. சுரண்டியதும் முதுகு கருஞ்சிவப்பாகக் கோடு கோடாகக் கண்டுவிட்டது, காற்று வெளியேறுகிறது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரே குரலில் சொன்னதைக் கவனி. என் முதுகை நான் பார்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். கண்ணாடி கொண்டுவரச் சொன்னேன். இந்த ஈரத்தில் அதிலும் புகைதான் தெரிந்தது. நேர்மையாகச் சொல்கிறேன், அன்று மாலை மூக்கு திறந்துவிட்டது, இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன், வியாழக்கிழமை காலை உடம்பு இறகுபோல இருந்தது. ஆனால் ஒரு காரியம் நன்றாக முடிந்தால், அதனால் யாருக்கு லாபம் என்று பார்ப்பதுதான் என் வழக்கம்.

பார்த்தேன். வியாழக்கிழமை சூட்-லின் வேலைக்குப் போனதும், சட்டியில் உண்மையில் என்னதான் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள அலமாரியைக் குடைந்தேன். தேயிலை டப்பாவுக்குப் பின்னால் ஓர் உறை. ஷென்சென் நகரத்திலிருந்து, சூட்-லின் பெயருக்கு. அங்கே புதிதாக வந்திருக்கிற ஓடு ஆலையில் பூச்சு வண்ணங்களைச் சோதிக்கிற வேலை, தங்க இடம், இருபத்திரண்டாம் தேதிக்குள் பதில் போடவேண்டும். எனக்குக் கண் முன்னால் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பத்து நிமிடத்தில் வெங்காயத்தாள், கூப்பிடாமல் வந்த யிம் அண்ணி, வாசலிலேயே வழியனுப்பப்பட்ட காற்று! சளியை முளையிலேயே கிள்ளுவது எதற்கு? கிழவன் தேறிவிட்டான், இனித் தனியாக விடலாம் என்று சான்றிதழ் வாங்குவதற்கு. என்னைக் குணமாக்குவது என்றால் என்னைக் கழற்றிவிடுவது. உன் அண்ணி, என் மனைவி, போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த வீட்டில் சோறு எந்தப் பாத்திரத்தில் வேகிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் கோபப்படவில்லை. பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. உறையை இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்தேன். அப்புறம் மறுபடியும் நோயில் விழுந்தேன். நாக்கு மஞ்சளானால் நோய் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம் என யிம் அண்ணியே சொல்லியிருக்கிறாள். உப்பில் ஊறிய வாத்து முட்டை வீட்டில் இருந்தது. மஞ்சள் கருவை விரலால் குழைத்து நாக்கில் பூசினேன். முப்பத்தொரு வருடம் போலிப் பூச்சைக் கண்டுபிடித்தவனுக்குப் போலிப் பூச்சு பூசத் தெரியாதா? வெள்ளி, சனி இரண்டு நாளும் பூசினேன், கால்மணிக்கு ஒரு இருமல் வீதம் இருமினேன். சூட்-லின் விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். யிம் அண்ணி நாக்கைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே நீ செய்யவேண்டியது இது. உடனே சூட்-லினுக்கு ஒரு கடிதம் போடு. நான் சொல்லி எழுதியதாகத் தெரியக் கூடாது. யாரோ ஊர்க்காரர் சொன்னார் என்று இருக்கட்டும். அப்பாவின் நெஞ்சு வலுவில்லாத நெஞ்சு, நம் குடும்பத்துக்கே அப்படி, அவரைத் தனியாக விட்டால் ஊர் சிரிக்கும் என்று அத்தை என்கிற உரிமையில் கண்டித்து எழுது. இருபத்திரண்டாம் தேதிக்கு முன் வந்து சேர வேண்டும். நம் பெற்றோரின் ஆசி உன் வீட்டின்மேல் இருக்கட்டும். மச்சானுக்கு என் வணக்கம். உன் மாமியாரின் மூட்டுவலிக்கு யாராவது மருந்து சொன்னால், அவர் ஏன் சொல்கிறார் என்று முதலில் விசாரிக்கவும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்,
குவாங் யூ-டிங்

பின்குறிப்பு (மார்ச் 20): மேலே எழுதியபடி எதுவும் செய்யாதே. ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன்.

ஞாயிறன்று உனக்கு எழுதி முடித்த கையோடு யிம் அண்ணி வந்தாள். நாக்கை நீட்டினேன். குனிந்தாள், பார்க்கவில்லை, முகர்ந்தாள். “குவாங் அண்ணா, எந்த நோய்லயும் நாக்குல வாத்து முட்டை வாசம் வராது,” என்றாள். வெள்ளிக்கிழமையே தெரியுமாம். சளி புதன்கிழமையே போய்விட்டதாம். அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், இதிலும் ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்று. “உங்க நாடியில இருக்கறது சளி இல்ல, பயம். அது எதுக்குன்னு நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்,” என்றாள். கதவருகில் சூட்-லின் நின்றுகொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் உறையைப் பற்றிச் சொன்னேன். சூட்-லின் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அந்த ஆலைக்கு வர முடியாது என்று திங்கட்கிழமை மத்தியானமே பதில் எழுதிப் போட்டுவிட்டாளாம். நான் தும்மிய அன்றே. குச்சியும் கஞ்சியும் கரண்டியும் எல்லாம் நான் தேறியதும் தப்பித்துப் போவதற்கு அல்ல. போகப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் காய்ச்சியிருக்கிறாள். மூன்று தும்மலுக்கு எதற்கம்மா இவ்வளவும் என்றேன். “அம்மாவுக்கும் இப்படித்தாம்பா ஆரம்பிச்சுது. வெறும் சளிதானேன்னு பத்து நாள் விட்டுட்டோம்,” என்றாள். அந்தப் பத்து நாளும் நானும் இதே வீட்டில்தான் இருந்தேன், ஃபுங்-யீ. வெறும் சளிதான் என்று சொன்னவன் நான்.

செவ்வாய்க்கிழமை காலை, நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தபால் நிலையத்துக்குப் போய், சூட்-லின் பெயரில் அந்த ஆலைக்கு ஒரு தந்தி கொடுத்தேன்: முன் கடிதம் தவறு, வருகிறேன். கவுன்ட்டரில் இருந்தவர் அனுப்புகிறவர் பெண்பெயராக இருக்கிறதே என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். சரியான ஆள், அந்த இடத்துக்கு ஏற்றவர். இன்று பதில் தந்தி வந்துவிட்டது, முதல் தேதி வேலையில் சேரச் சொல்லி. தந்தியைப் படித்துவிட்டு அவள், “உங்கள யாருப்பா கேட்டா?” என்று சத்தம் போட்டாள். பிறந்ததிலிருந்து என்னிடம் அவள் சத்தம் போட்டது இதுதான் முதல் தடவை. பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஒரே சட்டையை மூன்று முறை மடித்து வைத்து, மூன்று முறை எடுத்துவிட்டாள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அதனால் கண்டித்து எழுதாதே, நேரில் வா. முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மறுநாள் அவளை வழியனுப்பலாம். ஷென்சென் பஸ் காலை ஏழு மணிக்கு என்கிறார்கள். மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேரும் ஏழு என்றே சொல்கிறார்கள். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்துக்கே போய் நிற்கப்போகிறோம்.