என் நாற்பதாம் நாள் விருந்து

அதிகாரிகளை மடக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அன்று காலைவரை நம்பியிருந்தேன்.

ஏழைக் குடும்ப உதவிக்கு என் மனைவி புருல்கான் மூன்று தடவை மனுப் போட்டாள். மூன்று தடவையும் 'கணவர் ரஷ்யாவில் சம்பாதிக்கிறார்' என்று திருப்பிவிட்டார்கள். சம்பாதித்த லட்சணம்தான் தெரியுமே. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, கால் ஒடிந்து, கூலியும் கிடைக்காமல், போன மாதம்தான் திருட்டுப் பூனை மாதிரி வீடு திரும்பியிருந்தேன். வெளியே இடுப்பளவு பனி. வீட்டில் மூன்று பிள்ளைகள், நாலு நாளைக்கு மாவு.

வீட்டைப் பார்க்க ஜிப்பார் என்ற புது அதிகாரியம்மா நகரத்திலிருந்து வருவதாகச் சேதி. உடனே திட்டம் போட்டேன்.

"நான் ஓடிப்போயிட்டேன்னு சொல்லிடு. நானும் ஆடும் கொட்டகையில ஒளிஞ்சுக்கறோம். அவங்களுக்கு வெறும் டீயும் காஞ்ச ரொட்டியும் வை."

"அங்க சும்மா இருப்பீங்களா?"

"கல்லு மாதிரி."

"பார்க்கலாம்" என்றாள்.

வீட்டோடு ஒட்டிய கொட்டகையின் இடுக்கு வழியே உள்ளே பார்த்தேன். ஜிப்பார் அந்த ரொட்டியைக் கடிக்க முடியாமல் டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கா இந்தக் கதி? இனி ஊரில் யார் முகத்தில் விழிப்பேன்? கை தானாகக் கத்தியை எடுத்தது. இருந்த ஒரே ஆடு. ஈரலையும் கறியையும் மூத்தவள் அசேமாவிடம் கொடுத்து வறுக்கச் சொன்னேன்.

தட்டு உள்ளே போனது. ஜிப்பார் பேனாவை மூடினார்.

"கறி சாப்பிடற வீட்டுக்கு உதவி எதுக்கும்மா?"

போச்சு. பெற்ற பிள்ளைகள் வாயில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன்.

புருல்கான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஒப்பாரி வைத்தாள்.

"நீங்க செத்த நாப்பதாம் நாளுக்குப் போடற கறியைக்கூடக் கணக்கு பார்க்கறாங்களே..."

பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் வந்து கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஓடிப்போனேன் என்று சொல்லச் சொன்னால், சாரத்திலிருந்து விழுந்து செத்தேனாம். தங்கமான குணமாம். உழைப்பாளியாம். பதினைந்து வருஷத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. கொட்டகையில் நானும் அழுதேன்.

ஜிப்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரஷ்யாவிலிருந்து இறப்புச் சான்றிதழ் வரும்வரை காணாமல் போனவர் என்று எழுதுவதாகச் சொல்லி, உதவிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நொண்டிக்கொண்டே உள்ளே வந்தேன். ஒப்பாரி எப்போது கற்றாய் என்று கேட்டேன்.

"நேத்தே. அவங்க நாலு பேருக்கும் நேத்தே சொல்லியாச்சு. விருந்தாளியைப் பார்த்தா நீங்க ஆட்டை அறுப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

பிள்ளைகள் கறியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் கை நீட்டினேன். அசேமா தட்டை நகர்த்தினாள்.

"செத்தவங்களுக்குப் பங்கு கிடையாதாம்ப்பா."