கீழே ஒரு வரி

திண்டுக்கல்லில் பசைவாளி ஒட்டாமல் ஒருவரும் முறைப்படி செத்ததில்லை. டாக்டர் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கினாலும் ஊர் நம்பாது. பேருந்து நிலையச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏறினால்தான் ஆள் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம்.

போஸ்டர் ஒட்டுகிறவரின் சைக்கிள் ஹேண்டில்பாரில் மைதா பசை வாளி, தோளில் ஏணி. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் "சுவத்துல வரும்போது பார்த்துக்க" என்பார். நின்ற பொருள் எதையும் விட மாட்டார். ஒரு தரம் வத்தலக்குண்டு பஸ் செத்த நேரம் கூடுதலாக நின்றுவிட்டது. அதன் முதுகில் ஓர் அஞ்சலியை ஒட்டிவிட்டார். இறந்தவரின் தங்கை குடும்பம் வத்தலக்குண்டில் அதைப் பார்த்து, அலறி, அதே பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தது. "போன் போட்டாக்கூட இம்புட்டு வெரசா வந்திருப்பாகளா?" என்று பீற்றிக்கொண்டார்.

பந்து விளையாட்டில் அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. கோல்கீப்பரை "வாட்ச்மேன் புள்ள" என்பார்.

எங்கள் வாட்ச்மேன் புள்ள ஜெசிந்தா. நான் அவளுக்கு முன்னால் நின்று தடுக்கிறவள். அந்த வருடம் பெண்கள் கால்பந்தில் இறுதிப் போட்டிக்கு வந்திருந்தோம். ஆண்கள் இறுதிப் போட்டி ஞாயிறு சாயங்காலம். விளக்கு, மேடை, மைக், ஊரெங்கும் பேனர். எங்களுக்கு வேலைநாளில், பதினோரு மணி வெயிலில். நாய்கூட லாரிக்கு அடியில் படுக்கிற நேரம். ஏன் என்று கால்பந்துச் சங்கச் செயலாளரிடம் கேட்டேன்.

"பொம்பளப் பிள்ளைக மேட்ச யாரும்மா பார்க்கப் போறா? ஆம்பளைங்க போஸ்டர்லயே கீழ ஒரு வரி போட்ருக்கோம்ல?"

போட்டுத்தான் இருந்தார்கள். கோப்பை கொடுப்பவர் படம், அவர் மச்சான் படம், மச்சானின் பேரன் படம், எல்லாவற்றுக்கும் கீழே. எறும்பு நின்று படித்தால் உண்டு. யாரும் பார்க்காத நேரத்தில் ஆட விடுவது, பிறகு யாரும் பார்க்கவில்லை என்று சொல்வது. இந்த அயோக்கியத்தனத்துக்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு செயலாளர்!

ஜெசிந்தாவின் அப்பாவுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. "இத்தன வருசமா உருளுற. பார்க்க ஒரு ஆளு வந்திருக்கா? இந்த மேட்சுக்கும் எவனும் வரலைன்னா கையுறையைக் கழட்டிப் போடு. பொண்ணு பார்க்க வாராக" என்று சொல்லிவிட்டார். அவள் என்னிடம் அழவில்லை. கையுறையை மட்டும் இரண்டு முறை துவைத்தாள்.

நாங்கள் பசைவாளியிடம் போனோம்.

"பொம்பள மேட்சா? எவன் நின்னு படிப்பான்? இந்த ஊர்ல நின்னு படிக்கிறது ரெண்டுதான். யாரு செத்தா, யாரு வயசுக்கு வந்தா."

"இப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"வாட்ச்மேன் புள்ள போட்டோ ஒண்ணு குடு. மத்தத நான் பார்த்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். போட்டி அன்று காலையில் ஊர்ச் சுவரெல்லாம் கறுப்புக் கட்டம். நடுவில் ஜெசிந்தா சிரிக்கிறாள். மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. கீழே பொடி எழுத்தில்: "இன்று பகல் 11 மணிக்கு மைதானத்தில் இவரைத் தாண்டிக் கோல் அடிக்க நினைக்கும் அணியினருக்கு."

கீழே யார் படிப்பார்கள்? பூ மார்க்கெட்டில் பாதிக் கடை ஷட்டரை இறக்கியது. ஆளுக்கொரு மாலையோடு ஜெசிந்தா வீட்டு வாசலில் கூட்டம். கொட்டுக்காரர்கள் வந்து தப்பைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். அகரத்து அத்தை ஆட்டோவிலிருந்தே மாரடித்துக்கொண்டு இறங்கினாள். கதவைத் திறந்தது ஜெசிந்தா, வாயில் இட்லியோடும் காலில் ஸ்டாக்கிங்ஸோடும்.

"அடிப் பாவி மகளே! உசுரோடவா இருக்க?"

"பதினோரு மணிக்கு மேட்ச் இருக்கு அத்த."

ஜெசிந்தாவின் அப்பா கூட்டத்தோடு போய் டீக்கடையில் பசைவாளியின் சட்டையைப் பிடித்தார்.

"ஏலே, எம்புள்ளைய உசுரோட கொன்னுட்டியேடா!"

"கீழ படிச்சீகளா அப்பு?"

"கீழ எவன்டா படிப்பான்?"

"அதேதான் அப்பு. இந்தப் புள்ளைக மேட்ச எப்பவும் கீழதான போடுறாக."

அப்பாவின் கை சட்டையை விட்டது.

இப்போது மாலைகள் பாக்கி. எழவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, உயிரோடு இருப்பவள் கழுத்திலும் போடக் கூடாது. மொத்தக் கூட்டமும் மாலையோடு மைதானத்துக்கு நடந்து, எதிரணியின் கோல் கம்பத்தில் சாத்தியது. கொட்டும் வந்தது. ஜெசிந்தா பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் தப்பு அதிர்ந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்ட செயலாளர் ஓடி வந்து மைக்கைத் தேடினார்.

பசைவாளி ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தையே பார்த்து நின்றார்.

ஒரு கோலில் தோற்றோம். அது ஆப்சைடு. நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஜெசிந்தாவின் அப்பா என்னைவிட அதிகமாகச் சத்தியம் செய்து, நடுவரை வாசல்வரை துரத்திப் போனார். திரும்பி வரும்போதே பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் போன் போட்டார்: "இப்ப வராதீக. புள்ளைக்கு அடுத்த மேட்ச் இருக்கு."

பசைவாளிக்கு இப்போது முட்டி போய்விட்டது. ஆயக்குடியில் மகள் வீட்டில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெண்கள் மேட்ச் போஸ்டரை நாங்களே அடித்து நாங்களே ஒட்டுகிறோம். சங்கம் இன்னும் கீழே ஒரு வரிதான் போடுகிறது.

முதல் போஸ்டரைப் பழனி பஸ்ஸின் முதுகில் ஒட்டுவோம். கண்டக்டர் கண்டபடி திட்டுவார். ஒட்டிவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போம். பஸ் ஆயக்குடியைத் தாண்டியதும் மணி அடிக்கும்.

"ஓரம் மடங்கியிருக்கு புள்ள. யாரு ஒட்டுனது?"