உடம்புக்கு ஒன்றுமில்லை

இனிமேல் இந்த வீட்டுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் தேடுவது தன் பொறுப்பு என்று டுவேன் அறிவித்தபோது, அவன் மனைவி மார்லிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

ஷெபாய்கன் என்ற அமெரிக்க ஊரில் கராஜ் கதவு மாட்டுவது அவன் தொழில். பத்தொன்பது வருடம் ஒரு கம்பெனிக்காக மாட்டினான். கோடையில் அங்கே சண்டை போட்டுவிட்டு, இனி எனக்கு நானே முதலாளி என்று வேன் மேல் தன் பெயரை எழுதிக்கொண்டான். பழைய முதலாளி இத்தனை நாளும் சத்தமில்லாமல் இன்சூரன்ஸ் என்று ஒன்றைக் கட்டிவந்தது அதன் பிறகுதான் உறைத்தது. கைக்காசு போட்டு அதை டிசம்பர் கடைசி வரை இழுத்துப் பிடித்திருந்தார்கள். ஜனவரி பிறந்ததும் இருவரில் யார் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலும் வீட்டை விற்க வேண்டியதுதான். ஐம்பத்து மூன்று வயதில் டுவேனுக்கு அது நிஜமான பயம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அரசாங்க இணையதளத்தில் பார்க்கலாமே என்று மார்லிஸ் முதலிலேயே சொன்னாள். டுவேன் எப்போதோ பார்த்தாயிற்று. இரண்டு பேருக்கு மாதம் ஆயிரத்து நானூறு டாலர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை அவன் படிக்கவில்லை. அந்தக் காசுக்கு ஒரு டாக்டரையே மாடியில் குடிவைத்துவிடலாம் என்று சொல்லிக் கணினியை மூடிவிட்டான்.

பிறகு தேடல் தொடங்கியது. 'இலவசமாக விலை தெரிந்துகொள்ளுங்கள்' என்ற ஏதோ ஒரு பக்கத்தில் போன் நம்பரைக் கொடுத்தான். நம்பரைத்தான் கொடுத்தான், நிம்மதியும் கூடவே போயிற்று. ஒரு நாளில் முப்பத்தொரு அழைப்புகள். ஏணி மேல் நிற்கும்போது ஒருவன் ஈமச்சடங்குக்கு இன்சூரன்ஸ் விற்கப் பார்த்தான். இன்னொன்று ஏதோ பக்திச் சங்கம். உறுப்பினருக்கு நோய் வந்தால் மற்றவர்கள் சேர்ந்து பணம் கட்டுவார்களாம். கட்ட முடியாவிட்டால்? சேர்ந்து ஜெபிப்பார்களாம்.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், எதிர்வீட்டு நார்ப் ரகசியம் போல ஒரு நம்பரைத் தந்தான். குறுகிய காலத் திட்டம், மாதம் நூற்றுத் தொண்ணூறு டாலர்தான், உடம்பு மட்டும் நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை டுவேன் வெற்றிவீரனாகச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்த நம்பரை அழுத்தினான். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கொட்டியிருந்தது.

"ஸ்பீக்கர்ல போடு," என்றாள் மார்லிஸ். "எனக்கும் சேர்த்துத்தானே எடுக்கற."

விற்பனைப் பெண் இனிமையாகப் பேசினாள். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்றாள். உடல்நிலை பற்றிச் சில கேள்விகள், ஒன்றுக்கு 'ஆமாம்' என்று வந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி என்றாள்.

"முதுகு வலி உண்டா சார்? கனமான வேலை எதுவும் செய்யக் கூடாதுன்னு இருக்கா?"

கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே டுவேனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து வாசல் பனியை வாருவது மார்லிஸ்தான். எண்பது கிலோ கராஜ் கதவைத் தூக்கும்போது வலிக்காத அந்த முதுகு, பனி மண்வெட்டியைப் பார்த்தாலே வலிக்கும். ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். அவள் கேரட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றான் மெதுவாக.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார், பதிவாகணும்."

"முதுகுல ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

உயரத்தில் ஏறினால் தலைசுற்றல் வருமா என்று அடுத்த கேள்வி. கூரை விளிம்பில் இலை அள்ளுவதிலிருந்து அவனைக் காப்பாற்றிய தலைசுற்றல் அது. இல்லை என்றான். பூனை, தூசி போன்றவற்றால் மூச்சுத் திணறல்? மாமியார் இர்மா வீட்டில் மூன்று பூனைகள். பதினைந்து வருடமாக அந்த வாசலை மிதிக்க விடாமல் அவனைத் தடுத்த திணறல் அது. அதுவும் இல்லை. நூற்றுத் தொண்ணூறு டாலர், நூற்றுத் தொண்ணூறு டாலர் என்று மனதுக்குள் ஜபித்துக்கொண்டான்.

"கடைசிக் கேள்வி. பக்கத்துல பேசறது காதுல கேக்காம போகுமா?"

டிவியில் பேக்கர்ஸ் ஃபுட்பால் ஆட்டம் ஓடும்போது மட்டும் போய்விடுகிற காது அது. கேரட் நறுக்கும் சத்தம் நின்றது.

"எல்லாம் கேக்கும்," என்றான் டுவேன். அவமானத்தில் காது மடல் வரை சிவந்துவிட்டது.

வாழ்த்துகள் சார், நீங்கள் பூரண ஆரோக்கியசாலி என்றாள் அந்தப் பெண். பிறகு விதிகளை மூச்சுவிடாமல் வாசித்தாள். முதல் பத்தாயிரம் டாலர் அவன் பொறுப்பு. ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பைசா கிடையாது. புதிதாக வரும் நோயும் ஏற்கெனவே இருந்ததா என்று கம்பெனி ஆராயும். மொத்தத்தில் நோயே வராதவனுக்கு அருமையான திட்டம். டுவேன் கடன் அட்டையை எடுத்தபோது, மார்லிஸ் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனருகே குனிந்தாள்.

"ஒரு சின்ன விஷயம்மா. இந்தப் பதிவுல எங்களுக்கு ஒரு பிரதி கிடைக்குமா?"

"ஈமெயில்ல அனுப்பறேன் மேடம்."

மார்லிஸ் ஈமெயில் விலாசத்தை நிதானமாக எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அதுவரை பதிவானது வந்து சேர்ந்ததும், எங்களுக்குத் திட்டம் வேண்டாம், நன்றி என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். டுவேன் அட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"என்ன பண்ற மார்லிஸ்? ஜனவரிக்கு என்ன பண்ணுவோம்?"

"அரசாங்கத் திட்டத்துல மூணு வாரம் முன்னாடியே ரெண்டு பேரையும் சேர்த்துட்டேன். நீ தேடப்போறேன்னு சொன்ன அன்னிக்கே. உன் புதுத்தொழில் வருமானத்தைப் போட்டேன், அரசாங்கமே கண்ணு கலங்கிப் பாதிக்கு மேல தானே கட்டறேன்னுடுச்சு. மாசம் இருநூத்திப் பத்துதான் நம்ம கையிலிருந்து."

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உடனே அந்த இடத்தில் சந்தேகம் ஏறி உட்கார்ந்தது.

"அப்ப அவங்ககிட்டயும் இந்த முதுகு, காது எல்லாம் சொல்லணுமா?"

"அங்க யாரும் உடம்பைப் பத்தி ஒரு கேள்வி கூட கேக்க மாட்டாங்க, டுவேன்."

"பின்ன என்னை எதுக்கு இவகிட்ட அத்தனைக்கும் பதில் சொல்ல விட்ட?"

மார்லிஸ் கதவோரம் சாய்த்திருந்த பனி மண்வெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"நான் கேட்டா நீ உண்மையைச் சொல்ல மாட்டியே."