வெட்டிய வரி உள்ளே கிடக்கும்

நானாட்டான் ஊரில் தன் நிழலிடமும் அடையாள அட்டை கேட்கும் மனிதர் ஒருவர் இருந்தார். பிரதேச செயலகத்துக்கு எதிரே கொம்பியூட்டரில் கடிதம் அடித்துக் கொடுப்பவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'.

போர் முடிந்து சனம் மீளக் குடியேறி, எதற்கெடுத்தாலும் விண்ணப்பம் கொடுத்த காலம் அது. கடையில் எப்போதும் ஆள் நிற்கும். திரையோ சுவரைப் பார்த்தபடி இருக்கும். பத்திரிகைக்குச் செய்தி அடிக்கப் போகும் எனக்கும் விலக்கில்லை.

"எட்டிப் பாக்காதையுங்கோ தம்பி. பேப்பர்காரருக்குக் கழுத்து நீளம்."

தேநீர் குடிக்கப் போனால் விசைப்பலகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார்.

ஒரு வரி வேண்டாமென்றால் அவர் அழிப்பதில்லை, வெட்டுவார். அவருடைய பழைய மென்பொருள் வெட்டிய வரிகளை உள்ளே அடுக்கி வைத்திருக்கும். திருப்பிக் கேட்டால், கடைசியாகப் போனதை முதலில் தரும்.

"அழிச்சால், நான் சொன்னதை இவன் மாத்திப்போட்டான் எண்டு நாளைக்கு வந்து நிப்பியள். சாட்சி உள்ளுக்கை கிடக்கட்டும்."

ஒரு காலை, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய பெண்ணொருவர் வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பம் அடிக்க வந்தார். கணவரைப் பிடித்துக்கொண்டு போன விதத்தை மெல்லச் சொன்னார். சந்தேகம் அடித்து முடித்ததும் அந்தப் பெண்ணுக்குப் பயம் வந்துவிட்டது.

"அதை எடுத்துவிடுங்கோ அண்ணை. 'கணவர் இல்லை' எண்டு மட்டும் போடுங்கோ."

சந்தேகம் அந்த வரிகளை வெட்டிவிட்டுத் தாளைக் கொடுத்தார். மத்தியானம் அந்தப் பெண் அதே தாளோடு திரும்பி வந்தார். செயலகத்தில் கொடுக்கவில்லை.

"இல்லை எண்டால் செத்ததாய்ப் போயிடும். முதல் சொன்னதையே போடுங்கோ."

"சொல்லுங்கோ தங்கச்சி, அடிக்கிறன்."

அவர் தாளை மேசையில் வைத்தார். "இன்னொருக்காச் சொல்ல ஏலாது அண்ணை" என்றார்.

சந்தேகம் விசையைத் தட்டினார். உள்ளே கிடந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"வேலி பாய்ஞ்ச ஆடு... இது இல்லை. மச்சான் ஒரு கள்ளன்... இது ட்ரக்டர்காரன்ரை."

மறுபடி தட்டினார். உதடு நின்றது. அதை அவர் வாய்விட்டு வாசிக்கவில்லை.

"கிடக்குது."

"முழுக்கவோ?"

"ஓம். நீங்கள் சொன்ன மாதிரியே."

அந்தப் பெண் புதிய தாளுடன் வீதியைக் கடந்து செயலகத்துக்குள் நுழையும்வரை சந்தேகம் வாசலில் நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"தூசு தம்பி. வேறை ஏதும் எழுதிப்போடாதையுங்கோ."

தூசு என்றே எழுதுகிறேன்.